டிஸ்சார்ஜ் ஆகிறவர் எதை உடுத்திக்கொண்டு போவார்?

வாசகர் கேள்வி – பதில்

(வீடில்லாத நோயாளிகளுக்குக் குளிர்காலத்தில் எப்படி உதவுவது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நீண்ட காலம் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஒரு மருத்துவமனையில் நன்கொடை உடைகள் வைக்கும் அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் வாசகி இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பணம் சேர்த்திருக்கிறோம். மருத்துவமனையில் இருக்கும் வீடில்லாத நோயாளிகளுக்குப் போர்வை வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவு. நல்ல முடிவுதானே?

நல்ல மனது. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

வார்டில் படுத்திருக்கும்வரை அவருக்குக் கட்டில் இருக்கிறது, சலவைக்குப் போய் வந்த போர்வை இருக்கிறது, கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கின்றன. இன்னொரு போர்வை வேண்டுமென்றால் நர்ஸிடம் கேட்கலாம். குளிர் அவரைப் பிடிப்பது டிஸ்சார்ஜ் அன்று. கையில் மருந்துச் சீட்டோடு வாசலைத் தாண்டுகிற அந்த நேரம்தான் எனக்கு எப்போதும் கவலை.

அவர் எப்படி உள்ளே வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். விபத்திலோ மயங்கி விழுந்தோ ஆம்புலன்ஸில் வந்திருப்பார். அவசரப் பிரிவில் சட்டை, பேன்ட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கத்தரியால் வெட்டித்தான் எடுப்பார்கள். அடிபட்ட உடம்பைப் புரட்டிப் பொத்தான் கழற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அடிதடி வழக்கு என்றால் உடையைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும். இரத்தமும் சிறுநீரும் ஊறியது குப்பைக்குப் போகும். செருப்பில் ஒன்று தெருவிலேயே கிடக்கும். வீடு இருப்பவர் ஒரு போன் செய்தால் மகளோ தம்பியோ மாற்று உடை கொண்டு வருவார்கள். இவருக்கு அந்தப் போன் செய்ய ஆள் இல்லை. காய்ச்சல் இறங்கியது, தையல் பிரித்தாயிற்று, டாக்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் உடுத்திக்கொள்ள முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் மருத்துவமனை அங்கியும், வார்டில் கொடுத்த மெல்லிய சப்பலும்தான் இருக்கின்றன.

அதனால் எங்கள் அலமாரியில் போர்வைகள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன, பேன்ட்டுக்கும் ஷூவுக்கும் தவிக்கிறோம். உங்கள் பணத்தில் ஒருவர் தலை முதல் கால்வரை போட்டுக்கொண்டு போகிற முழு உடையாக வாங்குங்கள்: புதிய உள்ளாடை, உடம்பை ஒட்டிப் போடும் தெர்மல், இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்த பேன்ட், ஸ்வெட்டர், காற்றும் மழையும் புகாத, உள்பை வைத்த ஜாக்கெட், குல்லா, கையுறை, சாக்ஸ், ஷூ. பெரிய அளவுகளை மறக்காதீர்கள். நன்கொடையாக வருவதில் சின்ன அளவும் நடு அளவும்தான் அதிகம். வீங்கிய கால், கட்டுப் போட்ட இடுப்பு, பருத்த உடம்பு உள்ளவர்களுக்கு ஒன்றும் அமையாது. பெண்களுக்குப் பிராவும் சானிட்டரி நாப்கினும் வையுங்கள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆண் ஊழியர் இருந்தால் கேட்கவே மாட்டார்கள்.

கேள்வி: தெருவில் இருப்பவர்களுக்குக் குளிர் பழகிப்போயிருக்காதா?

பழகாது. மனம் வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளப் பழகும். உடம்புக்கு 37 டிகிரி செல்சியஸ் ஒட்டிய வெப்பம் வேண்டும். அது 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா என்கிறோம். முதலில் நடுங்கும். நடுக்கம் என்பது தசைகள் தாமாக வேலை செய்து வெப்பம் உண்டாக்குவது. அதற்கு உடம்பில் எரிபொருள் வேண்டும். சரியாகச் சாப்பிடாமல், இரத்தம் குறைந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து எழுந்தவரிடம் அது எங்கே இருக்கும்? இன்னும் வெப்பம் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். பார்ப்பவர்கள் “இப்போது பரவாயில்லை போல” என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் ஆபத்தான கட்டம். பேச்சு குழறும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். சிலர் வெக்கையாக இருக்கிறது என்று போட்டிருக்கும் உடையையே கழற்றிப் போடுவார்கள்.

இதற்குப் பனி கொட்ட வேண்டும் என்றில்லை. உறைநிலைக்கு மேலே பல டிகிரி இருக்கும்போதே, நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் போதும். தண்ணீர், காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த சட்டையோடு பஸ் நிறுத்தத்தில் ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும்.

நோயாளிக்கு இன்னும் சிக்கல்கள் உண்டு. சர்க்கரை நோயில் கால் நரம்புகள் மரத்துப்போனவருக்குப் பாதம் சில்லிட்டதே தெரியாது. தைராய்டு குறைவாகச் சுரப்பவரால் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் உடம்பு தன் வெப்பத்தைச் சமாளிக்கும் ஏற்பாட்டையே மந்தமாக்கிவிடும். வயதானவர்களுக்கு நடுக்கமே சரியாக வராது. மது குடித்தால் தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடு ஏறியதுபோல் தோன்றும், ஆனால் அந்தச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

குளிருக்கும் காயம் ஆறுவதற்கும் தொடர்பு உண்டு. 1996-இல் வெளிவந்த ஒரு ஆய்வு நர்ஸிங் உலகில் பலருக்கும் தெரியும். பெருங்குடல் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 200 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை அறுவையின்போது நன்றாகக் கதகதப்பாக வைத்திருந்தார்கள். இன்னொரு பிரிவினரின் உடல் வெப்பம் சுமார் 2 டிகிரி குறைய விட்டார்கள். கதகதப்பாக இருந்தவர்களில் 100-க்கு 6 பேருக்குத்தான் காயத்தில் தொற்று வந்தது. குளிர்ந்தவர்களில் 100-க்கு 19 பேருக்கு வந்தது. குளிர்ந்தவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் கூடின. அது அறுவை அரங்கில் நடந்த ஆய்வு, தெருவில் நடந்தது இல்லை. ஆனாலும் சில்லிட்ட தோலுக்கு இரத்தம் குறைவாகத்தான் போகும் என்ற அடிப்படை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தையல் ஆறாத ஒருவரை அரைகுறை உடையோடு வெளியே அனுப்பினால், வார்டில் நாங்கள் எல்லோரும் பட்ட பாடு வீணாகிறது.

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள். கையில் அதிகப் பணம் இல்லை. ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்?

சாக்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

நன்கொடையாகக் குறைவாக வருவதும் சீக்கிரம் கிழிவதும் அதுதான். பழைய கோட்டைக் கொடுக்க எல்லோருக்கும் மனம் வரும், போட்டுத் தேய்ந்த சாக்ஸை யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதனால் புதிதாக வாங்கியாக வேண்டும். வீடில்லாதவருக்குத் துவைத்துக் காயவைக்க இடம் இல்லை. நனைந்த சாக்ஸை நாள் கணக்கில் காலோடு போட்டிருப்பார்.

அப்படி ஈரத்திலும் குளிரிலும் ஊறிய பாதத்துக்கு வருவதைப் பதுங்குகுழிப் பாதம் என்பார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் சேற்றுத் தண்ணீரில் நின்ற வீரர்களுக்கு வந்ததால் அந்தப் பெயர். 1914–15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் இதனால் பாதிக்கப்பட்டார்கள். பாதம் வெளுத்து, மரத்து, அப்புறம் வீங்கிக் கொப்புளித்து, மோசமானால் சதை அழுகும். உறைபனிகூடத் தேவையில்லை, 15 டிகிரியிலும் வரும். அன்றைக்குப் படையில் அதைக் குறைத்தவை எளிய விஷயங்கள்: தினமும் பாதத்தைப் பார்ப்பது, துடைப்பது, உலர்ந்த சாக்ஸ் மாற்றுவது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் வார்டில் ஒருவரின் ஷூவைக் கழற்றும்போது அதே பாதத்தைப் பார்க்கிறோம்.

அமெரிக்காவின் பாஸ்டனில் வீடில்லாதவர்களுக்கான மருத்துவத் திட்டம் 1985-இல் ஆரம்பித்தது. அதில் சேர வந்த இளம் டாக்டர் ஜிம் ஓ’கானலிடம், ஒரு தங்குமிடத்தின் கிளினிக்கில் இருந்த நர்ஸ் பார்பரா மெக்கின்னிஸ் முதலில் சொன்ன வேலை, ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துவிட்டு வருகிறவர்களின் கால்களைத் தண்ணீரில் ஊறவைப்பது. டாக்டர் அதைச் செய்தார். காலைத் தொட அனுமதித்தவர்கள் மெல்ல மற்ற நோய்களையும் சொல்ல ஆரம்பித்தார்கள். நர்ஸாக இருந்தவள் என்பதால் இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னால் அந்தத் திட்டம் நடத்தும், நோயாளிகள் தங்கித் தேறும் ஓய்வில்லத்துக்கு அந்த நர்ஸின் பெயரையே வைத்தார்கள்.

எப்படிப்பட்ட சாக்ஸ் என்றும் சொல்லிவிடுகிறேன். கம்பளி கலந்தது நல்லது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் கதகதப்பைக் காக்கும். சுத்தப் பருத்தி நனைந்தால் அப்படியே சில்லிட்டு ஒட்டிக்கொள்ளும். மேல்விளிம்பு இறுக்கமாக இருக்கக் கூடாது. வீங்கிய காலிலும் சர்க்கரை நோயாளியின் காலிலும் இறுக்கிப் பிடித்து இரத்தத்தைத் தடுக்கும். உள்பக்கம் தடித்த தையல் இல்லாமல் பாருங்கள். ஒருவருக்கு ஒரு ஜோடி பத்தாது. ஒன்று காலில், ஒன்று பையில், இன்னொன்று சட்டைக்குள் காய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் பழைய ஸ்வெட்டர்களும் கோட்டுகளும் நிறைய உள்ளன. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும், கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். தொற்றுக்குப் பயந்து பழையதையே தொடாத இடங்கள் உண்டு. வாங்கிக்கொள்ளும் இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடிய பையில் கொடுங்கள். 60 டிகிரி வெந்நீர் பேனையும் சிரங்குப் பூச்சியையும் கொன்றுவிடும். துவைக்க முடியாத கோட்டை மூட்டைகட்டிச் சில நாட்கள் தனியே வைத்திருந்தால் சிரங்குப் பூச்சி தானே சாகும், மனித உடம்பை விட்டு அது 2, 3 நாட்களுக்கு மேல் தாங்காது.

பேன் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். உடல் பேன் என்று ஒன்று உண்டு, தலைப் பேன் வேறு. அது தோலில் குடியிருப்பதில்லை, உடையின் தையல் மடிப்பில் இருந்துகொண்டு பசித்தால் மட்டும் உடம்புக்கு வரும். குளிருக்குப் பயந்து ஒரே உடையை வாரக்கணக்கில் கழற்றாமல் இருப்பவர்களுக்குத்தான் அது வருகிறது. டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவதும் இதுதான். இதற்குப் பெரும்பாலும் தேவைப்படும் வைத்தியம் குளிக்க வெந்நீரும் சுத்தமான மாற்று உடையும். அப்படியென்றால் நீங்கள் கொடுக்கும் ஸ்வெட்டர் மருந்தாகவும் வேலை செய்கிறது.

ஜிப் அறுந்தது, பொத்தான் இல்லாதது, அக்குள் கிழிந்தது வேண்டாம். தைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பவர் வீட்டிலேயே தைத்துக் கொடுங்கள். வார்டில் ஊசி நூல் எடுத்து உட்கார யாருக்கும் முடியாது. பெரிய எழுத்தில் விளம்பரம் அச்சடித்த சட்டைகளையும் தவிர்த்துவிடுங்கள். அவரே தேர்ந்தெடுக்காத வாசகத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு போக வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தபோது இத்தனை யோசித்தானா? கொடுக்கிறவனிடம் இவ்வளவு கணக்குக் கேட்பது கொடையின் அழகைக் குறைக்கிறதே?

ஐயா, பள்ளியில் படித்த காலத்திலிருந்து எனக்கும் பேகனைப் பிடிக்கும். ஆனால் அவன் கொடுத்தது எது என்று பாருங்கள். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்ததும் தன் தோளில் கிடந்ததை எடுத்துப் போர்த்தினான். பரண்மேல் கிடந்த கந்தலைத் தேடவில்லை, அரண்மனைக்குப் போய் ஆள் அனுப்பவும் இல்லை. தான் உடுத்தும் தரத்தில், தேவை என்று பட்ட அந்த நேரத்திலேயே கொடுத்தான். எங்கள் அலமாரிக்கு வருவதெல்லாம் அப்படி வந்தால் நான் ஒரு கணக்கும் கேட்க மாட்டேன்.

மயிலிடம் கேட்டுக் கொடுக்க அவனால் முடியாது. நம்மால் நோயாளியிடம் கேட்க முடியும். ஒரு பெரியவருக்கு நல்ல கனமான கோட்டு ஒன்றைக் கொடுத்தோம். கையால் தடவிப் பார்த்துவிட்டு, “வேண்டாம்மா, இதைப் போட்டுக்கொண்டு தூங்கினால் அடித்துப் பிடுங்குவார்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நிறம் மங்கிய சாதாரண ஜாக்கெட்டை அவரே தேர்ந்தெடுத்து, அதற்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். தெருவில் எது பாதுகாப்பு என்று அவருக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் வார்டில் கொண்டுபோய்க் கையில் திணிப்பதில்லை. முடிந்தால் அலமாரிக்கே அழைத்துவந்து, எழுந்து வர முடியாதவர் என்றால் இரண்டு மூன்றைக் கட்டிலில் பரப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஐயா, கேட்டுக் கொடுப்பதும் கொடைக்கு அழகுதான் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பின்னல் குழுவில் வயதான பெண்கள்தான் அதிகம். என்ன பின்னிக் கொடுத்தால் உபயோகமாக இருக்கும்?

அம்மா, உங்களைப் போன்றவர்கள் எங்களுக்குப் பெரிய பலம். கடையில் கிடைக்காததை உங்களால் செய்ய முடியும்.

மாவுக்கட்டுப் போட்ட காலில் சாக்ஸ் ஏறாது, விரல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு விறைக்கும். அந்த விரல்களை மூடுவதற்கு அகலமான, நாடா வைத்த உறை பின்னுங்கள். கைக்கட்டு உள்ளவர்களுக்குத் தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் ஆகாது. முன்பக்கம் திறக்கும், கை அகலமான கார்டிகன் வேண்டும். சக்கர நாற்காலியில் போகிறவருக்கு நீண்ட கோட்டு சக்கரத்தில் சிக்கும். நடக்காத கால் தானாகச் சூடாகாது என்பதால் அவருக்கு மடியிலிருந்து பாதம்வரை மூடி, பின்னால் முடிந்துகொள்கிற போர்வை வேண்டும். விரல் நுனி திறந்த கையுறை இன்னொன்று. மாத்திரை அட்டையைப் பிரிக்கவும் சில்லறை எண்ணவும் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்காது.

நூல் வாங்கும்போது மெஷினில் துவைத்தால் சுருங்காத நூலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குல்லா காதை மூட வேண்டும். அதன்மேல் அலங்காரப் பந்து எல்லாம் வேண்டாம், படுக்கும்போது உறுத்தும்.

கேள்வி: எங்கள் நிறுவன ஊழியர்கள் வார்டுக்கே வந்து நேரில் கொடுத்து, சில படங்கள் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அங்கே படுத்திருப்பவர் நோயாளி. அவர் பெயரும் நோயும் வீடில்லை என்ற விஷயமும் அவருடையவை. மறுத்தால் ஸ்வெட்டர் கிடைக்காதோ என்ற பயத்தில் சரி என்பார், அந்தச் சரிக்கு மதிப்பில்லை. பொருள்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதெல்லாம் மருத்துவமனையும் அரசும் செய்ய வேண்டிய வேலை இல்லையா? நாம் ஏன் செய்ய வேண்டும்?

அவர்கள் செய்ய வேண்டியதுதான், நானும் அதைத்தான் சொல்லி வருகிறேன். சட்டமே போட்ட இடங்கள் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2018-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வீடில்லாத நோயாளியை வெளியே அனுப்பும் முன் மருத்துவமனை அவருக்கு உணவு தர முன்வர வேண்டும், பருவநிலைக்கு ஏற்ற உடை இல்லையென்றால் உடையும் தர வேண்டும், அவர் போகும் இடத்துக்கு வண்டிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 2018 அக்டோபரிலிருந்து, வீடில்லாமல் இருக்கும் அல்லது வீட்டை இழக்கப் போகும் நோயாளி சம்மதித்தால் அவரைப் பற்றி உள்ளாட்சி வீட்டுவசதித் துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. பாஸ்டனில் நான் சொன்ன அந்த ஓய்வில்லத்தில் 104 படுக்கைகள் இருக்கின்றன. வார்டில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நோய் இல்லை, தெருவுக்குப் போகிற அளவுக்குத் தெம்பும் இல்லை என்று நடுவில் நிற்பவர்கள் அங்கே தங்கிக் குணமாகலாம்.

எந்தக் கோட்டும் வீட்டுக்கு ஈடாகாது. உங்கள் ஊரில் இப்படி ஒரு ஓய்வில்லம் வேண்டும் என்று கேளுங்கள், மனு எழுதுங்கள். ஆனால் சட்டம் வரும்வரை டிஸ்சார்ஜ் நிற்காது. உடை கொடுக்கச் சட்டம் இருக்கும் இடத்திலும் அலமாரியை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பணமாகக் கொடுத்தால் தவறான வழியில் செலவாகும் என்கிறார்கள். பொருளாகவே கொடுப்பதுதான் பாதுகாப்பா?

மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவுக்கு நிதியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொருளைவிட இது பல சமயம் நல்லது. ஒருவருக்கு 46-ஆம் அளவு ஷூ வேண்டும். இன்னொருவருக்குத் தங்குமிடத்துக்குப் போக வண்டிக் கூலி, வேறொருவருக்குத் தொலைந்த அடையாள அட்டைக்குக் கட்டணம். இதையெல்லாம் முன்கூட்டி வாங்கி அடுக்க முடியாது. கையில் நிதி இருக்கும் சமூகப் பணியாளர் அன்றைக்கே முடித்துவிடுவார்.

காலத்தையும் பாருங்கள். குளிர்காலம் பிறந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் வந்து மூட்டை மூட்டையாக வருகிறது. கடைசி மாதத்தில் அலமாரி துடைத்து வைத்ததுபோல் இருக்கும், குளிர் அப்படியேதான் இருக்கும். உங்கள் பணத்தில் பாதியைப் பின்னால் கொடுங்கள்.

கேள்வி: வெந்நீர்ப் பை, கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம், வெள்ளி நிறத் தகடு போன்ற போர்வை – இவற்றில் எது நல்லது?

சூடு உண்டாக்கும் பொருள்களை நான் வாங்கிக்கொள்வதில்லை. உணர்ச்சி மரத்த தோலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கியவருக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உடம்பின் சூட்டையே வெளியே விடாமல் காக்கிற பொருள்கள்தான் இவர்களுக்கு நல்லது.

வெள்ளித் தகடு விண்வெளி ஆராய்ச்சிக்காக 1964-இல் நாசா உருவாக்கியது. உடம்பிலிருந்து கதிராகப் போகும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். மடித்தால் சட்டைப் பையில் அடங்கும், மழைக்கும் காற்றுக்கும் ஒரு மறைப்பு. ஆனால் தரை உறிஞ்சும் சூட்டை அது தடுக்காது. உள்ளே வியர்வை கட்டும், சீக்கிரம் கிழியும். ஒரு ராத்திரி ஆபத்துக்கு உதவும், தினமும் படுக்க ஆகாது.

தரை என்றதும் சொல்கிறேன். படுப்பவரிடமிருந்து நிறையச் சூடு கீழே போகிறது. அடியில் இருக்கும் போர்வை உடம்பின் எடையில் நசுங்கி, உள்ளே இருந்த காற்றை இழந்து, அட்டையைவிட மோசமாகிவிடும். மேலே இன்னொரு போர்வை போர்த்துவதைவிட, கீழே சுருட்டி எடுத்துப்போகக் கூடிய ஒரு நுரைப்பாய் போடுவது மேல். எதை கொடுத்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதுகில் மாட்டும், தண்ணீர் புகாத பை ஒன்று சேர்த்துக் கொடுத்தால் பிளாஸ்டிக் கவரில் மருந்தைச் சுமந்து அலைய வேண்டாம்.

உள்பை வைத்த ஜாக்கெட் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்சுலின் உறைந்துபோனால் கெட்டுவிடும், திரும்ப உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. கடுங்குளிரில் அதை வெளிப்பையில் வைக்காமல் உடம்புச் சூடு படும்படி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். இதை டிஸ்சார்ஜ் சமயத்தில் வாயால் சொல்வோம். பை இல்லாத உடையை மாட்டிவிட்டுச் சொல்லி என்ன பயன்?

கேள்வி: மருத்துவமனைக் கேட்டுக்கு வெளியே ஒருவர் ராத்திரியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன். மனது கேட்கவில்லை.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறார், நடுங்குகிறார் என்றால் காற்று அடிக்காத இடத்துக்குக் கூட்டிப்போய், ஈர உடையை மாற்றி, தலையையும் நெஞ்சையும் போர்த்தி, சூடாக இனிப்பான பானம் கொடுக்கலாம். மது கூடாது. கைகாலைத் தேய்க்கக் கூடாது, விறைத்த தோல் உரிந்து புண்ணாகும். நெருப்பருகே கொண்டுபோகவும் வேண்டாம்.

பேச்சு குழறினாலோ, நடுக்கம் நின்று தூக்கக் கலக்கமாக இருந்தாலோ, எழுப்ப முடியாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அங்கேயே அவசரப் பிரிவு இருக்கிறது, ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுங்கள். தொலைவில் இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். அவரை முரட்டுத்தனமாகப் புரட்டக் கூடாது, குளிர்ந்த இதயம் சின்ன அதிர்ச்சிக்கே தாளம் தப்பும். உடம்பு சில்லென்று இருக்கிறது, நாடி தெரியவில்லை என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். 1999-இல் நார்வேயில் பனிக்கடியில் மாட்டிய ஒரு பெண்ணின் உடல் வெப்பம் 13.7 டிகிரிவரை இறங்கியும் டாக்டர்கள் அவரைக் காப்பாற்றினார்கள்.

கேள்வி: சரி, நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

மருத்துவமனை வரவேற்பில் சமூகப் பணிப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டால் நர்ஸிங் கண்காணிப்பாளர். அவரிடம், இப்போது எது தீர்ந்துபோயிருக்கிறது, எந்த அளவு வேண்டும், எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வைக்க இடம் இல்லை என்றால் முதல் நன்கொடை ஒரு பூட்டு வைத்த அலமாரியாக இருக்கட்டும். அதன் சாவி இரவு ஷிஃப்டிலும் ஒருவரிடம் இருக்க வேண்டும். அவசரப் பிரிவிலிருந்து நள்ளிரவில் வெளியே அனுப்பப்படுகிறவருக்குத்தான் குளிர் அதிகம், அந்த நேரத்தில் சமூகப் பணியாளர் வீட்டில் இருப்பார்.

கொண்டுபோகும்போது ஆண், பெண், அளவு எல்லாவற்றையும் பெரிதாக எழுதிப் பைக்கு வெளியே ஒட்டிவிடுங்கள். ஒரு பைக்குள் ஒரே அளவு உடை இருக்கட்டும். ராத்திரி டியூட்டியில் இருக்கும் நர்ஸுக்கு மூட்டையைப் பிரித்துத் தேட நேரம் இருக்காது.